ஸவாஹில் கரையின் பெண்கள்

அரபு மொழியில் கடற்கரையை 'ஸாஹில்' என்பர். அதன் பன்மை 'ஸவாஹில்'. 'ஸஹல' என்னும் வினைக்குத் தேய்த்தல், அராவுதல் என்று பொருள். 'ஸாஹில்' என்பது வடிவத்தால் செய்வோனைக் குறிக்கும் சொல். ஆனால் கரை எதையும் தேய்ப்பதில்லை. நீரன்றோ கரையைத் தேய்க்கிறது! ஆகவே வடிவத்தால் 'தேய்ப்பது' என்றிருப்பினும், பொருளால் 'தேய்க்கப்படுவது' என்றே கொள்ள வேண்டுமென அகராதி ஆசிரியர்கள் விளக்கம் தந்துள்ளனர்.

மாணவர்களுக்கு இச்சொல்லை விளக்கும் போதெல்லாம், இதனையே தன் பெயராகக் கொண்டுவிட்ட ஒரு கரை என் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையே அது. அங்கு வாழும் மக்கள் ஸவாஹிலிகள். அவர்கள் மொழியும் ஸவாஹிலி. அக்கரையிலுள்ள ஸான்ஸிபார் தீவின் மீனவப் பெண்களுடைய வரலாற்றைப் படித்தபோது, மேற்கண்ட இலக்கணம் அங்கே தலைகீழாகிக் கிடப்பதைக் கண்டேன். ஏடுகளில் அப்பெண்கள் பராமரிக்கப்படுவோர், வாழ்விலோ பராமரிப்போர். இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை வாசகர்களுடன் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு அந்நியமல்லாத கரை

ஸான்ஸிபார் என்றதும் எங்கோ இருக்கும் தூரத்துத் தீவு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தமிழகத்தின் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபையே அக்கரையினரும் பின்பற்றுகின்றனர். இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மத்ரஸாக்களில் ஓதப்படுவது போலவே அங்கும் ஓதப்படுகிறது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழை வளர்த்தனர். அவர்களும் தம் மொழியைப் பல நூற்றாண்டுகள் அரபு எழுத்திலேயே எழுதி வந்தனர். 'ஸமக்' என்னும் அரபுச் சொல் அங்கே 'ஸமாகி' என்றாகி மீனைக் குறிக்கிறது. 'பஹ்ர்' என்பது 'பஹாரி' என்றாகிக் கடலைக் குறிக்கிறது. 'ரிஸ்க்' என்பது 'ரிஸிகி' என்றாகி வாழ்வாதாரத்தைக் குறிக்கிறது.

14-ஆம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதா அக்கரையின் மொம்பாஸாவையும் கில்வாவையும் கண்டு, மொம்பாஸா மக்கள் ஷாஃபிஈக்கள் என்றும், வாழைப்பழமும் மீனும் அவர்கள் உணவென்றும் குறித்துள்ளார். அதே இப்னு பதூதா பின்னர் நம் மஃபர் கரைக்கும் வந்து மதுரை சுல்தானகத்தைக் கண்டு சென்றார். ஸான்ஸிபாரின் தென் முனையிலுள்ள கிஸிம்காஸி பள்ளிவாசலில் ஹிஜ்ரீ 500, அதாவது கி.பி. 1107-ஐக் குறிக்கும் கல்வெட்டொன்று இன்றும் இருக்கிறது. அக்கரையில் இஸ்லாத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதுவே சான்று.

கிராம்பும் கல்நிலமும்

ஸான்ஸிபார் என்பது உங்குஜா, பெம்பா என்னும் இரு பெருந்தீவுகளையும் பல சிறு தீவுகளையும் கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓமான் நாட்டு சுல்தான் ஸயீத் தம் இருப்பிடத்தை இங்கே மாற்றிக் கொண்டார். அவர் காலத்தில் கிராம்புத் தோட்டங்கள் பெருகின. அடிமைகளின் உழைப்பால் விளைந்த அக்கிராம்பு உலகச் சந்தையை ஆண்டது. 1890-இல் தீவு பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது; 1897-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது; 1964 ஜனவரியில் ஏற்பட்ட புரட்சியில் சுல்தானின் ஆட்சி வீழ்ந்து, அவ்வாண்டு ஏப்ரலில் தாங்கனீக்காவுடன் இணைந்து பின்னர் தான்ஸானியா என்று பெயர் பெற்றது.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. ஆனால் கிராம்பு விளைந்தது வளமான மண்ணில். உங்குஜாவின் கிழக்குக் கரையோ பவளப்பாறையால் ஆன கல்நிலம். அங்கே ஏர் ஓடாது. பாறை இடுக்குகளில் சிறிது மரவள்ளியும் தென்னையும் வளரும், அவ்வளவே. ஆகவே பாஜே, ஜம்பியானி, ப்வேஜு முதலிய ஊர்களின் மக்கள் கடலை நம்பியே வாழ்ந்தனர்.

ஆண்கள் 'ங்கலாவா' என்னும் பக்கமிதவை கட்டிய மரக்கலத்தில் பாய் விரித்துப் பவளத்திட்டுக்கு அப்பால் சென்று மீன் பிடித்தனர். பெண்களுக்கும் ஒரு கடல் இருந்தது. கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பே அது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் அங்கே கடல் வெகுதூரம் வற்றிவிடும். அப்போது பெண்கள் கூட்டமாக இறங்கிச் சங்கும் சிப்பியும் பொறுக்குவர். பாறைப் பொந்துகளில் கோல் விட்டுக் கணவாய் இனத்தைச் சேர்ந்த பேய்க்கணவாயைப் பிடிப்பர். பழந்துணியை இருபுறமும் பற்றி இழுத்துப் பொடிமீன் வாரிக் கொள்வர். தேங்காய் மட்டைகளை அந்தச் சேற்றிலேயே புதைத்துக் கல் ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டு, பின் எடுத்து அடித்துக் கயிறு திரிப்பர். கலங்களைக் கட்டவும் வலையைத் தாங்கவும் அக்கயிறே பயன்பட்டது. ஆண்கள் கடலோடியதே பெண்கள் திரித்த கயிற்றை நம்பித்தான் என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் 'மீனவர்' என்று அதிகாரிகள் கணக்கெடுத்தபோது கலம் ஏறியவரை மட்டுமே எண்ணினர். வற்றிய கடலில் முழங்கால் நீரில் நின்றவர்களை எவரும் எண்ணவில்லை.

1989: பாசி வந்தது

1980-களில் கிராம்பு விலை வீழ்ந்தது. பெரும் பங்கு வாங்கி வந்த இந்தோனேசியா தானே கிராம்பு விளைவிக்கத் தொடங்கியதே இதற்கு முதற்காரணம். அரசு வேறு ஏற்றுமதிப் பொருளைத் தேடிற்று. தார் எஸ் ஸலாம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேட்டோ ம்ஷிகேனி கடற்பாசியை வயல் போல் பயிரிடலாமென அதற்கு முன்பிருந்தே ஆராய்ந்து கூறி வந்தார். தானாக வளர்ந்த பாசியைப் பொறுக்கி விற்கும் வழக்கம் தீவில் பல பத்தாண்டுகளாக இருந்தது; பயிரிடும் வழக்கம் இல்லை. 1989-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பாசி இனங்களைக் கொண்டு பாஜே, ஜம்பியானி கரைகளில் வணிக முறையில் சாகுபடி தொடங்கிற்று. பாசியை அவர்கள் 'ம்வானி' என்பர்.

முறை மிக எளிது. வற்றிய கடலின் மணலில் இரு வரிசையாக மரமுளைகளை அடித்து, அவற்றிடையே நைலான் கயிறு கட்டுவர். கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகப் பாசித் துண்டுகளை முடிவர். நீர் ஏறும்போது பாசி மிதந்து வளரும். சுமார் 6 வாரங்களில் அறுவடைக்கு வரும். ஈரப்பாசியைத் தலையில் சுமந்து கரைசேர்த்து வெயிலில் உலர்த்துவர். 7, 8 கிலோ ஈரப்பாசி உலர்ந்தால் 1 கிலோ தேறும். உலர்ந்த பாசி வெளிநாடு சென்று, காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளாகிப் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் கலக்கிறது. காலையில் நாம் பல் துலக்கும் பசையில் அத்தீவுப் பெண் ஒருத்தியின் உழைப்பும் கலந்திருக்கலாம்.

தொடக்கத்தில் ஆண்களும் இத்தொழிலில் இறங்கினர். ஆனால் நாள்தோறும் கவனிக்க வேண்டிய வேலை, கிடைப்பதோ சொற்பம். எனவே ஆண்களில் பெரும்பாலோர் மீன்பிடிப்புக்கும் வேறு கூலிக்கும் திரும்பிவிட்டனர். பெண்கள் நிலைத்து நின்றனர். அந்நீர்ப்பரப்பு தலைமுறை தலைமுறையாக அவர்கள் அறிந்த இடம். பிறையைப் பார்த்தே இன்று எந்நேரம் கடல் வற்றும் என்று சொல்லக் கூடியவர்கள் அவர்கள். காலப்போக்கில் 20,000-க்கும் மேற்பட்டோர் ஈடுபட்ட தொழிலாக அது வளர்ந்தது. அவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள். சுற்றுலா, கிராம்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது ம்வானி.

சம்பாத்தியம் யாருடையது?

பாசியை விற்ற பணம் பெண்ணின் கையிலேயே வந்தது. அதனால் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கினர். 'காங்கா' என்னும் இரட்டைத் துணி வாங்கினர். ஓலைக்கூரை வீடுகளைத் தகரக்கூரை வீடுகளாக மாற்றியோரும் உண்டு. ஆனால் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. மனைவி நாள் முழுதும் கடலில் நிற்பதைச் சில கணவன்மார் விரும்பவில்லை. சில இல்லங்களில் பிணக்கு மணமுறிவு வரை சென்றதாகவும் அக்காலத்தைக் கண்டோர் கூறியுள்ளனர்.

இவ்விடத்தில் என் வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிக்ஹு பாடத்தில் நஃபகா பற்றிய பகுதியை நடத்திக் கொண்டிருந்தேன். மனைவி செல்வச் சீமாட்டியாக இருப்பினும் அவளது உணவும் உடையும் உறைவிடமும் கணவன் மீதே கடமை. அவள் பொருள் அவளுக்கே உரியது. அவள் மனமுவந்து தந்தாலன்றி அதில் கைவைக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்று விளக்கினேன். கடலோர ஊரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் வீட்டில் உம்மா கருவாடு விற்றுத்தான் அடுப்பு எரிகிறது. அப்படியானால் அது வாப்பாவின் கடனா, உம்மாவின் ஸதகாவா?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கிதாபுக்கு அது கடன், உம் உம்மாவுக்கு அது ஸதகா. எதுவென்று தீர்மானிக்கும் உரிமை உம் உம்மாவுக்கே உண்டு" என்று சொல்லி உட்காரச் செய்தேன். விடை சரியானதுதான். ஆனால் அந்தத் தாயிடம் எவரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்ற எண்ணம் வெகுநாள் என்னை விட்டு அகலவில்லை.

ஸான்ஸிபாரிலும் அதுவே நடந்தது. பெண்ணின் கையில் பணம் வந்ததும், குடும்பச் செலவில் கணவன் தந்து வந்த பங்கு பல இல்லங்களில் குறைந்தது. சீருடையும் நோட்டுப் புத்தகமும் அவள் பொறுப்பாயின. ஷரீஅத் கணவன்மீது சுமத்திய சுமை, ஓசையின்றி மனைவியின் தோளுக்கு மாறிற்று. சொத்துரிமையை மார்க்கம் பெண்ணுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது என்று நாம் மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். பேச வேண்டியதே. ஆனால் அவ்வுரிமையுடன் பிரிக்க முடியாமல் இணைந்தது கணவனின் கடமை. ஒன்றைப் பேசி மற்றொன்றை மறந்தால், கொடுத்த உரிமையே கூடுதல் சுமையாகிவிடும்.

விலையும் வெப்பமும்

பயிரிட்ட பாசி இனங்கள் இரண்டு. காட்டனி என்பது விலை கூடியது. ஸ்பினோசம் என்பது ஏறத்தாழ அதன் பாதி விலை. வாங்கும் நிறுவனங்களே கயிறு தந்தன. அவையே விளைச்சலை எடை போட்டன. அவையே விலையையும் கூறின. ஓரூருக்கு ஒரே கொள்முதலாளர் என்னும் நிலையில் விற்பவளுக்குப் பேரம் பேச என்ன இடமிருக்கிறது?

2000-க்குப் பின் கடலே மாறத் தொடங்கிற்று. ஆழமற்ற நீர் வெயிலில் மிகுதியாகச் சூடேற, காட்டனிப் பாசியின் கிளைகள் வெளுத்து, மென்மையாகி, முறிந்து விழுந்தன. பயிரிடுவோர் இந்நோயை 'ஐஸ் ஐஸ்' என்பர். பெயரில் பனி இருப்பினும் அதற்குக் காரணங்களுள் முதன்மையானது வெப்பமே. கிழக்குக் கரையின் பல ஊர்களில் காட்டனி அடியோடு கைவிடப்பட்டது. வெப்பத்தைச் சற்றுத் தாங்கும் ஸ்பினோசம் எஞ்சியது. அதாவது அதே உழைப்பு, அதே முதுகுவலி, அதே உப்புநீர்ப் புண். கூலி மட்டும் பாதி.

குளிர்ந்த ஆழ்நீரில் மிதவைகள் கட்டிக் காட்டனியை வளர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் வழி கண்டனர். அதற்குப் படகு வேண்டும். நீந்தத் தெரிய வேண்டும். கடலிலேயே வாழ்நாளைக் கழித்த அப்பெண்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது! அவர்கள் கடல் இடுப்பளவோடு முடிந்துவிட்ட கடல். 2011-க்குப் பின் தீவின் வடகோடியிலுள்ள நுங்வி ஊரில் உடல் முழுதும் மறைக்கும் ஆடையுடன் பெண்களுக்கு நீச்சல் கற்பிக்கும் முயற்சி தொடங்கப்பெற்றது. பெண்ணே பெண்ணுக்குக் கற்பிக்கும் ஏற்பாடாக அது அமைந்ததால் பெற்றோரின் தயக்கமும் மெல்லக் குறைந்தது.

மற்றொரு வழியைக் காட்டியவர் கடலியல் ஆய்வாளர் டாக்டர் ஃப்ளவர் ம்ஸுயா. பச்சைப் பொருளாக விற்பதைக் குறைத்து, பாசியைப் பொடியாக்கிச் சோப்பும் பிறவும் செய்து விற்கலாம் என்று 2006 முதல் பயிரிடுவோரை ஒன்று சேர்த்தார். கிடோட்டி போன்ற ஊர்களில் பெண்கள் கிராம்பெண்ணெய் கலந்த பாசிச் சோப்பு செய்து விற்கின்றனர். பாட்டனார் காலக் கிராம்பும் பேத்தி காலப் பாசியும் ஒரு கட்டியில் கலந்திருப்பதை அங்கே காணலாம்.

இதற்கிடையே கரையில் உல்லாச விடுதிகள் பெருகின. விடுதிகளில் பேய்க்கணவாய்க்கு நல்ல விலை கிடைத்தது. உடனே என்ன நேர்ந்தது? காலங்காலமாகப் பெண்கள் கோல்கொண்டு பிடித்து வந்த அதனைப் பிடிக்க ஆண்கள் மூச்சடக்கி மூழ்கும் கண்ணாடியும் ஈட்டியும் கொண்டு வந்திறங்கினர். ஆழத்தில் வாழும் பெரியவை அவர்களுக்கு. கரையோரத்துச் சிறியவை பெண்களுக்கு.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பாசியில் வருவாய் குறைவு என்று கண்டதும் ஆண்கள் விட்டுச் சென்றனர். அது பெண்களின் தொழிலாயிற்று. பேய்க்கணவாயின் விலை உயர்ந்ததும் ஆண்கள் வந்தனர். அது பெண்களின் தொழிலாக இருப்பது ஒழிந்தது. எது பெண்ணுக்கு உகந்த வேலை, எது ஆணுக்கு உகந்த வேலை என்று வழக்கம் தீர்மானிக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். வழக்கத்தின் பின்னே விலை நிற்கிறது என்பதை இக்கரையின் வரலாறு காட்டுகிறது.

நம் கரையில்

இதே காட்டனிப் பாசி நம் இராமநாதபுரம் கரைக்கும் வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் மண்டபம், பாம்பன் பகுதிகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூங்கில் தெப்பங்களில் அதனை வளர்த்தன. 2013-ஐ ஒட்டிய காலத்தில் கடல் வெப்பத்தால் இங்கும் பாசி பெருமளவு அழிந்து, பல குடும்பங்கள் முதலை இழந்தன. அதற்கும் முன்பிருந்தே, விரல்களில் துணி சுற்றிக் கொண்டு, மூழ்கி, பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வாழ்ந்த மீனவப் பெண்கள் பலர் அக்கரையில் உண்டு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், தாய்மார் பறித்த இடத்தில் மகள்மார் பறிப்பது தடைக்கும் வழக்குக்கும் உரிய செயலாயிற்று. கடல்வளம் காக்கப்பட வேண்டியதே; ஆனால் அதனைக் காக்கும் ஆலோசனையில், அதில் இறங்கி நின்றவளையும் அழைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஓரிடத்தில் ஷாஃபிஈ முஸ்லிம் பெண்; மற்றோரிடத்தில் பெரும்பாலும் வேறு சமயத்துப் பெண். இடையே இந்து மாக்கடல். ஆயினும் கையில் முடிந்த கயிறு ஒன்று. கயிற்றில் தொங்கிய பாசி ஒன்று. அதனைக் கருக்கிய வெப்பமும் ஒன்று. இருவரையும் மீனவர் என்று எழுதப் பதிவேடுகள் தயங்கியதும் ஒன்றே.

நம் குடும்பங்களில் இன்று கடலை நம்பி வாழ்வோர் சிலரே. ஆனால் பாய் முடைந்தோ, தையல் தைத்தோ, பலகாரம் செய்து விற்றோ, வெளிநாடு சென்ற கணவன் பணம் அனுப்பாத மாதங்களில் வீட்டைத் தாங்கிய உம்மாவும் உம்மம்மாவும் இல்லாத குடும்பம் எத்தனை? குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் வாப்பா கப்பலேறிய ஆண்டையும் கடை தொடங்கிய ஆண்டையும் குறித்து வைக்கின்றனர். உம்மா முதன்முதலில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த ஆண்டை எவரும் குறித்து வைப்பதில்லை.

வீட்டில் மூத்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்போம்: என்ன வேலை செய்தீர்கள், என்ன கிடைத்தது, அது யாருக்குச் செலவாயிற்று என்று. அவர்கள் சொல்வதைப் பெயருடனும் ஆண்டுடனும் எழுதி வைப்போம். அது கடனா, ஸதகாவா என்று என் மாணவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையும் அந்த ஏட்டிலேயே கிடைக்கும்.